வோல்டேஜ் விட்டுக்கொடுத்த தெரு

1

போன செவ்வாய்க்கிழமை மாலை, அடிலெய்டில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. எங்கேயோ ஒரு மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்ததாம். இந்த ஊரில் இது அபூர்வம். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஷெரின் அறையிலிருந்து வெளியே வந்து, வைஃபை போய்விட்டது என்று துக்கச் செய்தி சொல்கிற முகத்தோடு நின்றாள். என் கணவர் டார்ச் லைட்டைத் தேடப் போய், போன வருடம் தொலைத்த மூக்குக் கண்ணாடியைக் கண்டெடுத்தார்.

ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்தான் இருக்கும். விளக்குகள் திரும்ப எரிந்தன. நான் சப்பாத்திக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "ஏய்ய்ய்... கரண்ட் வந்துச்சூ!"

எங்கள் ஊரில் இப்படிக் கத்தினால் பத்து வீட்டிலிருந்து பதில் கத்தல் வரும். இங்கே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பீட்டர் நின்றிருந்தார். கையில் முதலுதவிப் பெட்டி. யாருக்கு அடிபட்டது என்று பதறிக்கொண்டு கேட்டார்.

யாருக்கும் இல்லை, இது சந்தோஷக் கத்தல் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் போகிறபோது சப்பாத்திக் கட்டையை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். நாக்கு மாறிவிட்டது, நடை மாறிவிட்டது, டீயில் சர்க்கரைகூடக் குறைந்துவிட்டது. இந்தக் கத்தல் மட்டும் மாறவில்லை.

2

திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில், உப்பளம் தாண்டினதும் ஒரு காலனி. அதுதான் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு அப்பாவுக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. என்னையும் தம்பி அருளையும் படிக்க வைத்தார்கள்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த கதை வேறு, வந்த மின்சாரம் வேலை செய்த கதை வேறு. லைனின் கடைசியில் இருந்தோம். சாயங்காலமானால் குண்டு பல்பு பழுத்த கொய்யா நிறத்தில் எரியும். ஃபேன் ஓடும், ஆனால் இறக்கையை எண்ணிவிடலாம். ட்யூப் லைட் இரண்டு ஓரமும் கண்ணைச் சிமிட்டும், முழித்துக்கொள்ளாது. இதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்: வோல்டேஜ் ப்ராப்ளம்.

அதற்கு ஒரே மருந்தும் இருந்தது. விட்டுக்கொடுப்பது. யார் வீட்டிலாவது கல்யாணமோ சாவோ வந்தால், மற்ற வீடுகளில் மோட்டாரை நிறுத்துவார்கள், டிவியை அணைப்பார்கள். அந்த வீட்டு விளக்கு கொஞ்சம் வெளுக்கும். "அவங்களுக்கு வோல்டேஜ் வுடு" என்பார்கள், ஏதோ வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடுகிற மாதிரி.

நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தபோது எனக்காகத் தெருவே வோல்டேஜ் விட்டது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒவ்வொரு வீடாக அணைந்துகொண்டு வரும். கோடி வீட்டு சம்பத் அண்ணன் மட்டும் கிரிக்கெட் இருந்தால் கொஞ்சம் முரண்டு பிடிப்பார், பிறகு அவரும் அணைத்துவிடுவார். என் ட்யூப் லைட் டிக் டிக்கென்று இரண்டு தடவை துடித்து, பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் இன்ஜினியரிங் போனேன், எலெக்ட்ரிகல் எடுத்தேன். வேறு என்ன எடுப்பேன்?

3

இங்கே நான் வேலை செய்வது மின்சாரத்தை வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஒரு நிறுவனத்தில். அடிலெய்டில் திரும்பின பக்கமெல்லாம் கூரையில் சோலார். மத்தியானம் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஆளில்லை, கூரை மட்டும் சம்பாதித்துக்கொண்டிருக்கும். அத்தனை மின்சாரமும் தெருக் கம்பியில் வந்து குவிந்தால் வோல்டேஜ் ஏறும். அளவுக்கு மேல் ஏறினால் சாமான்கள் கெடும், சோலார் பெட்டிகள் தாமாகவே நின்றுவிடும். அதற்கு இடம் கொடுக்காமல், கூரைகளோடு கம்ப்யூட்டர் வழியாகப் பேசி, நீ கொஞ்சம் குறைத்துக்கொள், நீ தாராளமாக அனுப்பு என்று கணத்துக்குக் கணம் ஒழுங்கு செய்ய வேண்டும். அந்தப் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டம் என்றால் குறைவுதான் என்று வளர்ந்த எனக்கு, அதிகமாக இருப்பதைச் சமாளிக்கிற வேலை. கடவுளுக்கும் நகைச்சுவை உண்டு.

வந்த புதிதில் ஒருநாள் தாமதமாகப் போனேன். 'வீட்டில் கரண்ட் போய்விட்டது' என்று ஆங்கிலத்தில் காரணம் சொன்னேன். மேலாளர் அக்கறையாகக் கேட்டார், "கரண்ட் என்ன?" மின்சாரம் போனதை இங்கே யாரும் கரண்ட் போனது என்று சொல்வதில்லை; அவர் காதில் அது 'இப்போதைய' என்று விழுந்திருக்கிறது. இப்போதைய என்ன போய்விட்டது, வீடா, கணவரா என்று அவருக்குக் கவலை.

எங்கள் வீட்டுக் கூரைக்கு சோலார் போட்டபோது இன்னொரு கூத்து. அனுமதி வரவே இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்து, வெகுநேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு ஒரு பெண் வந்து, "மன்னிக்கவும், திட்டப் பிரிவில் நிற்கிறது, அவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் பார்ப்பார்கள்" என்றாள். திட்டப் பிரிவு என்பது எங்கள் பிரிவுதான், அந்த அனுமதிகளைப் பார்ப்பது நான்தான். மறுநாள் அலுவலகம் போய் என் மேஜையில் தேடினேன். குவியலின் அடியில் இருந்தது.

4

அருள் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கிற ஐ.டி. கம்பெனிகளில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். குளிர்ச்சி அவன் கைவசம். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று பல நாள் ஆசை. போன வருடம் வேலையை விட்டுவிட்டு, காலனி ஓரத்தில் கொட்டகை போட்டு, ஒரு சின்ன ஐஸ் கம்பெனி ஆரம்பித்தான். கொட்டகை மேலே சோலார். பகலெல்லாம் வெயிலில் ஐஸ் உறைய வேண்டும், விடியற்காலையில் கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் மீனுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் அவன் கணக்கு.

கடற்கரைக்காரர்கள் அதுவரை எங்கள் காலனியில் எதையும் வாங்கியதில்லை. தூரத்திலிருந்து வரும் லாரியில்தான் ஐஸ் எடுப்பார்கள். லாரி வருவதற்குள் பாதி கரைந்து ரோட்டில் கோடு போட்டிருக்கும். இருந்தாலும் பழக்கம். மீன் விற்கும் பெண்களில் தனம் அக்கா சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அருள் அவரிடம் போய் நின்றான்.

"த பாரு தம்பி," என்றாராம் தனம் அக்கா. "மீனு உன் மூஞ்சியப் பாத்துகினு குந்தினு இருக்காது. நாறிப்பூடும். ஒரு மாசம் பாக்கறேன். ஐஸு குடுத்தியா, நீ ராஜா. குடுக்கலயா, நான் லாரிக்காரனாண்டயே பூடுவேன். அப்பால வந்து கெஞ்சாத."

அந்த ஒரு மாதம் கத்திரி வெயிலில் வந்தது. முதல் வாரமே கம்ப்ரஸர் நிற்க ஆரம்பித்தது. வெயில் உச்சிக்கு வருகிற நேரம் பார்த்து, டப்பென்று நிற்கும். ஐஸ் அச்சுகளில் பச்சைத் தண்ணீர். விடியற்காலையில் தனம் அக்கா கூடையோடு வந்து பார்த்துவிட்டு, இருந்த கொஞ்சம் ஐஸை எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் அருள் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

5

அவன் எனக்குப் போன் செய்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். எதிரே திரையில் அடிலெய்டின் ஏதோ ஒரு தெரு, வோல்டேஜ் ஏறிச் சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பேஜாரா கீதுக்கா. மத்தியானம் ஆனா கம்ப்ரஸர் நின்னுடுது. அதோட பெட்டில செவப்பு லைட்டு எரியுது."

"இன்னாடா காட்டுது?"

"வோல்டேஜ் ப்ராப்ளம்."

"அப்ப ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுடா," என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். அதே வார்த்தையை எதிர் மேஜை ஆள் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், "எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்றுதான் என் வாய் கேட்டிருக்கும். தினமும் நூறு தடவை அதைத்தான் கேட்கிறேன். ஆனால் தம்பி தமிழில் சொன்னான். தமிழில் வோல்டேஜ் ப்ராப்ளம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: கொய்யா நிறப் பல்பு, சிமிட்டுகிற ட்யூப் லைட், பற்றாக்குறை. படிப்பு, வேலை எல்லாம் ஒரு மொழியில் இருந்தன, புத்தி இன்னொரு மொழியில் இருந்தது.

எனக்கு மட்டுமா அப்படி? அருள் ஈ.பி. ஆபீஸுக்குப் போய் வோல்டேஜ் ப்ராப்ளம் என்றான். அவர்களும் நல்ல மனதோடு லைன்மேன் ஏழுமலை அண்ணனை அனுப்பினார்கள். வோல்டேஜ் ப்ராப்ளம் என்றால் சாயங்காலம்தானே இருக்கும், அதனால் அவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்தார். கம்பத்தில் ஏறி, அளந்து பார்த்து, "இன்னா அருளு, சோக்காதான கீது? எங்கயும் இவ்ளோ நல்ல வோல்டேஜ் கெடையாது" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஸ்டெபிலைசர் வந்தது. மறுநாளும் கம்ப்ரஸர் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. முன்பு கொஞ்ச நேரம் நின்று பிறகு ஓடும், இப்போது மத்தியானம் முழுக்க ஓடுவதே இல்லை. நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

6

ஒரு சனிக்கிழமை. ஊரில் மத்தியானம், எங்களுக்கு மாலை நான்கு மணி. மே மாதம் இங்கே குளிர். நான் ஸ்வெட்டர் போட்டு, காலைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டேன். அருளின் மனைவி பிரேமா எடுத்தாள். முகமெல்லாம் வேர்வை ஆறாக ஓடியது. சோலார் பேனல் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பிரேமா, கரண்ட் இல்லியா?"

"கீதுக்கா."

"அப்புறம் ஃபேன் போட வேண்டியதுதானே? ரிப்பேரா?"

"அதெல்லாம் இல்லக்கா. உங்க தம்பிக்கு வோல்டேஜ் வுட்டுகினு கீறோம்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "யாரு?"

"தெருவேதாங்கா. பாவம், அதுக்கு ஐஸு ஒறைய மாட்டேங்குதுன்னு எல்லாம் பேசி வெச்சிகினு, பதினோரு மணிக்கெல்லாம் ஆஃப் பண்ணிடறாங்க. மோட்டாரு, கிரைண்டரு, ஃபேனு, ஒண்ணும் போடறது இல்ல. சம்பத்தண்ணன் போன வாரம்தான் ஏசி வாங்கினாரு. அதுக்குக் கீழயே ஈரத் துண்டப் போட்டுகினு படுத்துனு கீறாரு."

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். கத்திரி வெயிலில் தெரு அடங்கிக் கிடந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்து கையில் கிடைத்ததை விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மானியத்தில் வாங்கின சோலார் பலகைகள் கூரைக்குக் கூரை தகதகவென்று மின்னின.

போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றேன். "பிரேமா, கொட்டகைக்கு ஓடு. அந்தப் பெட்டில நம்பர் இன்னா காட்டுதுன்னு படி."

ஓடினாள். மூச்சு வாங்கினாள். "இருநூத்தி அறுவத்தி நாலுக்கா. நெறைய கீதுல்ல? நல்லதுதான?"

இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நம்பர். சிரித்தேன். வாய்விட்டு, பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். அப்புறம் அழுதுவிட்டேன். எனக்குப் பரீட்சைக்கு வெளிச்சம் கொடுத்த அதே தெரு, அதே மனிதர்கள், அதே அன்பைத்தான் என் தம்பிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அன்புதான் அவன் கம்ப்ரஸரை நிறுத்திக்கொண்டிருந்தது. ஒரு குடத்தில் எல்லாக் கூரையும் ஊற்றுகிறது. ஒருவரும் ஒரு டம்ளர்கூட மொள்ளவில்லை என்றால் வழியாமல் என்ன செய்யும்?

"இன்னாக்கா ஆச்சு? அய்யோ, இன்னாக்கா?" பிரேமா பயந்துவிட்டாள். இந்தச் சத்தத்தில் ஷெரினும் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

7

"எல்லாத்தையும் போடச் சொல்லு," என்றேன்.

"எதக்கா?"

"எல்லாத்தையும். ஃபேன், மோட்டார், கிரைண்டர், டிவி. வூட்டுல எது எது ஓடுமோ அதெல்லாம்."

அருள் போனைப் பிடுங்கினான். "அக்கா, தமாஷ் பண்ற நேரமா இது? நின்னு ஒரு அவராச்சு. நாளைக்கு தனம் அக்கா வந்து பாத்தா அவ்ளோதான், என் கத முடிஞ்சுது."

"டேய், உனக்கு வோல்டேஜ் பத்தல இல்லடா. ஜாஸ்தி. ஜாஸ்தியா கீது!"

"நம்ம ஊர்லயா?"

அவன் கேட்ட தோரணையில் எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. "போட்டுப் பாருடா. நடக்கலன்னா என் பேர மாத்திக்கறேன்."

பிரேமா அதற்குமேல் காத்திருக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கினாள். எனக்கு வானம், செருப்பு, வேப்பமரம், மறுபடி வானம் தெரிந்தது.

"ஏ சம்பத்தண்ணே! ஏசி போடு!"

"இன்னாம்மா சொல்ற? அருளுக்கு..."

"அருளுக்குத்தான் சொல்றேன்! போடு! பதினெட்டுல வெய்யி!"

அந்த மனிதர் ஒரு வாரமாக இந்த உத்தரவுக்காகவே உயிரைக் கையில் பிடித்திருந்தார் போலிருக்கிறது. ஏசி பீப் என்று கத்தியது எனக்கு அடிலெய்டு வரைக்கும் கேட்டது.

"போடுங்க! எல்லாத்தையும் போடுங்க! மோட்டாரப் போடு, மாவு ஆட்டு, தண்ணி ஏத்து!" பிரேமா வாசல் வாசலாகக் கத்திக்கொண்டு போனாள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஒரு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆனாலும் அருளுக்கு ஆகும் என்றால் போடுவோமே என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். முதலில் ஃபேன்கள். பிறகு ஒரு மோட்டார், இன்னொரு மோட்டார். யாரோ கிரைண்டரில் அரிசி போடாமலே சுற்ற விட்டார்கள். மிக்ஸி அலறியது. ஒரு வீட்டில் டிவியும் இன்னொரு வீட்டில் ஸ்பீக்கரும் போட்டி போட்டன. சம்பத் அண்ணன் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "இதயும் போட்டுட்டேன், போதுமா?" என்றார்.

கொட்டகையிலிருந்து அருள் நம்பர் படித்தான். "அம்பத்தொம்போது... அம்பத்தி மூணு... அக்கா, எறங்குதுக்கா! நாப்பத்தி எட்டு..."

சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தப் பெட்டி சட்டென்று விடாது, எல்லாம் சரிதானா என்று கொஞ்சம் யோசிக்கும். தெருவே கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஷெரின் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு கம்ப்ரஸர் ஒரு தடவை இருமி, உறுமி, ஓட ஆரம்பித்தது. தெரு மொத்தமும் கத்தியது:

"கரண்ட் வந்துச்சூ!"

கரண்ட் எங்கேயும் போகவே இல்லை. இருந்தாலும் சந்தோஷம் வந்தால் எங்கள் ஊருக்குத் தெரிந்த கத்தல் அதுதான். நானும் கத்தினேன். நல்லவேளை, அன்றைக்கு பீட்டர் ஊரில் இல்லை.

8

திங்கட்கிழமை அருள் மறுபடி ஈ.பி. ஆபீஸ் போனான். "கரண்ட் ஜாஸ்தியா வருது" என்று சொன்னதும், கவுண்டரில் இருந்தவர் எழுந்து உள்ளே போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம், இந்த அதிசயத்தைப் பார்க்க. அங்கே இருந்த இளம் பெண் இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானமே ஏழுமலை அண்ணனோடு வந்து அளந்தார்.

அப்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. தெருவில் மூன்று கம்பிகள் போகின்றன. வோல்டேஜ் குறைந்த காலத்தில், மூன்றில் ஒன்று ராசியான கம்பி என்று பேர் எடுத்திருந்தது. ஒவ்வொரு வீடாக ஏழுமலை அண்ணனைத் தாஜா செய்து அதற்கு மாறியிருந்தார்கள். இப்போது எல்லாக் கூரையும் அந்த ஒரே கம்பியில்தான் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கதான மாத்து மாத்துன்னு உசுர எடுத்தீங்க, மாத்தினேன்," என்றார் ஏழுமலை அண்ணன். "இப்ப மூணா பிரிக்கறேன். எவனும் ராசி கீசின்னு வரக்கூடாது." சம்பத் அண்ணன் மட்டும், அந்தக் கம்பிக்கு வந்த பிறகுதான் தனக்குப் பெண் பிறந்தாள் என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலும் வோல்டேஜை ஒரு படி இறக்கி வைத்தார்கள். அந்த இன்ஜினியர், வோல்டேஜ் ஏறினாலும் நிற்காதபடி தப்பாக வைத்திருந்த சோலார் பெட்டிகளின் செட்டிங்கையும் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

இவ்வளவு ஆன பிறகும் தெரு அந்த மத்தியானப் பழக்கத்தை விடவில்லை. விடியற்காலையில் போட்ட மோட்டாரை இப்போது வெயிலில் போடுகிறார்கள், மாவை வெயிலில் ஆட்டுகிறார்கள். பிரேமா ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். தினமும் கூரையில் வெயில் சரியாக விழுந்ததும் குரல் பதிவு வரும்: "வெயிலு வந்துச்சூ! போடுங்க!" மழை மூட்டமாக இருந்தால், "இன்னிக்கி இல்ல, கம்முனு இருங்க." அவ்வளவுதான்.

இதை எங்கள் அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். மேலாளர் மட்டும் சீரியஸாக, "அந்தத் தெருவை ஒழுங்கு செய்வது எந்த மென்பொருள்?" என்று கேட்டார்.

"பிரேமா," என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

மாதம் முடிந்த அன்று விடியற்காலையில் தனம் அக்கா வந்தார். அச்சுகள் நிறைய ஐஸ். விரலால் சுண்டிப் பார்த்தார். ஒரு துண்டு உடைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அருளின் போனை வாங்கி, எனக்கே ஒரு குரல் பதிவு அனுப்பினார். நான் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"எம்மா, நீதான் அக்காவா? ஒன் தம்பி ஐஸு சோக்கா கீது, கல்லு மாரி. லாரிக்காரன் வந்து இன்னா அக்கா நம்மள மறந்துட்டியேன்னான். போய்யா, எங்குளுக்கு வெயில்லயே ஐஸு வருதுன்ட்டேன். நீ வந்தா வூட்டாண்ட வா, வஞ்சிரம் வறுத்துத் தரேன். பொண்ணயும் இட்டுனு வா."

9

'பொண்ணு' விஷயம் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஷெரினுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சண்டையும் அப்படித்தான். சின்ன வயதில் 'அம்மா, பாலு' என்று கேட்ட குழந்தை எந்த வருடம் அந்தப் பக்கம் நகர்ந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன், வயிற்றுவலி வந்தது. ஊருக்குப் பேசு என்று போனைக் கொடுப்பேன், "ஹாய்" சொல்லிவிட்டு நெருப்பைத் தொட்ட மாதிரி திருப்பித் தருவாள்.

அன்றைக்கு வீடியோ முடிந்ததும் கேட்டாள், அவர்கள் ஏன் அத்தனை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று. விட்டுக்கொடுத்தார்கள் என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்றாள். நானும் தேடினேன். தோற்றுப்போவது என்றால் சரியில்லை, பகிர்வது என்றாலும் போதவில்லை. "வி-ட்டு-க்-கொடு..." என்று அவளே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் கழித்து, என்னைக் கேட்காமலே பிரேமாவின் குழுவில் சேர்ந்துவிட்டாள். அந்தக் குரல் பதிவுகளைக் கேட்டுத் தனியாகச் சிரிப்பாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். கவனித்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

முந்தாநாள் சனிக்கிழமை. இங்கே வசந்தம் வந்துவிட்டது. அழுக்குத் துணி ஒரு மலை அளவுக்குக் குவிந்திருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பின்வாசல் கதவு திறக்கும் சத்தத்தில் விழிப்பு வந்தது. கூரையில் வெயில் விழுந்திருக்க வேண்டும். தோட்டத்தின் நடுவிலிருந்து, பிரேமாவின் அதே ராகத்தில், திருப்போரூர் பக்கத்துக் கொச்சை ஒரு எழுத்துகூடக் குறையாமல், என் மகளின் குரல் தெரு முழுக்கக் கிழித்துக்கொண்டு போனது:

"எம்மோவ்! வெயிலு வந்துச்சூ! மிஷினு போடு!"

விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பீட்டர், முதலுதவிப் பெட்டியோடு, வெளிறிப்போய் நின்றிருந்தார். ஷெரின் அவரைப் பார்த்துக் கையை வீசி, யாருக்கும் ஒன்றுமில்லை, உங்கள் வாஷிங் மெஷினையும் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போட்டார்.